சாமிக்கென்று கேட்ட பூ

ஏப்ரல் 22, திங்கள்

எம்.எஸ்ஸி. படித்தபோது வாங்கிய ரெக்கார்டு நோட்டு பாதி காலியாகக் கிடந்தது. வீணாக்குவானேன் என்று இதிலேயே எழுதுகிறேன். எல்லாரும் படுத்த பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது.

ஆதிரைக்கு இன்றோடு மூன்று மாதம். அத்தை அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, என் மடியில் வைத்தார். துணி இரண்டு பக்கெட். என் வீட்டுக்காரர் தறிக்கூடத்தில் மேற்பார்வை என்பதால் சாப்பிட வர மூன்று மணியாகிவிட்டது. ரசம் புளித்துவிட்டதாம்.

பக்கத்து வீட்டு இந்திராணி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் வாசலில் ஒரே ஒரு குண்டுமல்லிச் செடி. இந்த வெயிலுக்குக் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. ஜாக்கெட் தைப்பாள், மிஷின் சத்தம் நாளெல்லாம் கேட்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் இருப்பார். பிள்ளை இல்லை.

"பூ வேணுமா வடிவு? கட்டித் தரவா?"

"உதிரியாவே குடுங்கக்கா. சாமி படத்துக்குத்தான்."

"சாமி படத்துக்கா? எம்புட்டு வேணும்?"

"இருக்கதக் குடுங்க."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையில் இருந்ததை அப்படியே என் முந்தானையில் கொட்டினாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்றும் பூ வாங்கினேன்.

ஏப்ரல் 25, வியாழன்

முருகன் படத்தில் பத்துப் பூ வைத்தேன். மீதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. யார் எண்ணப் போகிறார்கள்?

அத்தைதான், "ஏளா, தலையில கிலையில வச்சிராத. கைப்பிள்ளக்காரி மல்லிகப்பூ வைக்கப்பிடாது. பொழுதடஞ்சா வாசத்துக்கு என்னமும் வந்து ஒட்டிக்கிடும்" என்றார்.

"சரி அத்த."

என் ஆய்வேட்டில் இதெல்லாம் உண்டு. வீட்டுத் தோட்டப் பூக்களை ஊர்சனம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ஆறு கிராமம் அலைந்து கேட்டு எழுதினேன். குண்டுமல்லிக்கு மட்டும் முழுசாக ஒரு பக்கம். கண் எரிந்தால் மூடிய இமைமேல் பூவை வைத்துப் படுப்பது. வயிற்றுப் பூச்சிக்குப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பது. கோடையில் குடிதண்ணீர்ப் பானையில் நாலு மொட்டைப் போடுவது. பாயசத்துக்கென்று சர்க்கரை டப்பாவில் முதல்நாளே மொட்டைப் புதைத்துவைப்பது. கோபித்துக்கொண்டு போன புருஷன் திரும்பிவர, மஞ்சள் நூலில் ஒன்பது பூ முடிந்து அவன் தலையணைக்கு அடியில் வைப்பது. இதைச் சொன்ன பெண்ணிடம், "வந்தாரா?" என்று கேட்டேன். "வந்தாரு, தலையணைய எடுத்துட்டுப் போக" என்றாள். கைடு அந்த வரியை அடித்துவிட்டார்.

பக்கத்தின் கடைசியில் இன்னும் ஒன்று இருக்கிறது. தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

இந்த நோட்டிலாவது ஒளிக்காமல் எழுத வேண்டும்.

கடைசிப் பயன்பாடு: பால் வற்ற. மலரும் பருவத்து மொட்டுகளை நெருக்கமாகக் கட்டி, மார்பின்மேல் வைத்துத் துணியால் இறுக்கி, தினம் மாற்றவேண்டும். ஐந்தாறு நாள். என் கையெழுத்தில், கலர் ஸ்கெட்சில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். பரிசுகூடக் கொடுத்தார்கள்.

பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டையாக வைத்திருக்கிறேன். குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு கட்டுவேன். பூ சூட்டில் வெந்து பழுப்பாகி, சாயங்காலம் அவிழ்க்கும்போது வாசம் குமட்டும். நான்தான் இந்த வீட்டில் அதிகம் படித்தவள். நான்தான் தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று மூன்று முறை பார்ப்பவள்.

காரணம் வேலைதான். தென்காசி ரோட்டில் இருக்கும் பள்ளியில் உயிரியல் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மூன்று சேரவேண்டும். "பிள்ள பால் மறக்கட்டும், ஒரு வருசம் போவட்டும்" என்று அத்தை சொல்லிவிட்டார். "அம்மா சொல்லுததும் சரிதான" என்று அவரும் சொல்லிவிட்டார். பாலே இல்லையென்றால் எதை மறக்க?

வேலைதான் காரணம். வேறொன்றுமில்லை.

மே 1, புதன்

குறைந்துவிட்டது. ஆதிரை கடித்து இழுக்கிறாள், வராமல் அலறுகிறாள், முகம் கறுத்துப்போகிறது. டாக்டரிடம் போனோம். எடை போட்டுவிட்டு, "பால் சுரப்பு நின்னுபோற மாதிரி எதுவும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்." சாப்பிடவில்லை, உண்மைதான். பவுடர் பால் எழுதிக்கொடுத்தார்.

வீட்டில் அத்தை எனக்குப் பால் ஊறவென்று பூண்டை நெய்யில் வதக்கி, சுறாப்புட்டு கிண்டி, வெந்தயக் களியும் செய்துவைத்திருந்தார். இந்த முட்டிவலியோடு மீன் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்திருக்கிறார்.

"தின்னு தாயி. உனக்கில்ல, எம் பேத்திக்கு."

தட்டைத் துடைத்துத் தின்றேன். வாயைக் கழுவிவிட்டுப் போய்ப் பூவை மாற்றினேன்.

மே 4, சனி

இன்று ஒரு சொட்டும் இல்லை.

மே 7, செவ்வாய்

பாட்டில்களை வெந்நீரில் போட்டெடுக்கும் வேலை சேர்ந்துவிட்டது. பவுடர் பால் ஆதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுமுறை கக்கினாள். அத்தை அவளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிச்சுற்றி நடந்தார். நடந்துகொண்டே யோசித்திருக்கிறார்.

"இது கண்ணுதாம்ளா" என்றார்.

"எது அத்த?"

"பொங்கிப்பொங்கி வந்த பாலு பொசுக்குனு நிக்குமா? அன்னைக்கு வாசல்ல வச்சி நீ பால் குடுக்கயில அவ வந்து நின்னால்லா? 'என்னமா குடிக்கா பாரேன்'னாளே? அதுலருந்துதான்."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்க பாரு. உனக்குப் பூ குடுக்காளே, அந்த இந்திராணிதான்."

நான் கையில் இருந்த பாட்டிலைக் கழுவினேன். கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவினேன். இல்லை அத்தை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் அடுத்த கேள்வி, "பின்ன எப்படி நின்னுது?" என்றுதான் வரும்.

மே 10, வெள்ளி

இந்திராணி அக்கா ஆதிரைக்குப் பாவாடை சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் துணி, கழுத்தில் சின்னதாக நீலப் பறவை. தெருப்படி ஏறுவதற்குள் அத்தை பிள்ளையைத் துண்டால் மூடி உள்ளே தூக்கிப் போய்விட்டார்.

"தூங்குதாளாக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

உள்ளேயிருந்து ஆதிரை கீச்சென்று சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாக்கா, தூங்குதா" என்றேன்.

சட்டையைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் அத்தை அதை ஒரு குச்சியால் தூக்கி வேலியில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதுவதற்கே கூசுகிறது: எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்ற நிம்மதி.

மே 13, திங்கள்

பள்ளியிலிருந்து பிரின்சிபால் மேடம் போன் செய்தார். "கைக்குழந்தைன்னு கேள்விப்பட்டேன். ஆகஸ்டுல கூட சேரலாம்மா, அதுவரைக்கும் ஆள் இருக்கு. இல்ல ஜூன்லயே வந்தாலும் மத்தியானம் ஒரு மணிநேரம் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

ஜூன் மூன்றே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"யாரு போன்ல?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கம்பெனி விளம்பரம் என்றேன்.

மே 16, வியாழன்

தெருவில் நாலு வீட்டுக்காவது தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் இந்திராணி அக்கா குடத்தோடு நின்றபோது, மேல வீட்டுக்காரி தன் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அக்கா பாதிக் குடத்தோடு திரும்பிப் போனாள். இப்போதெல்லாம் சுவருக்கு மேல் தலை தெரிவதில்லை. பூ செடியிலேயே விரிந்து உதிர்கிறது.

மே 19, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் படுக்கவேண்டும்.

காலையில் அத்தை ஒரு காகிதத்தையும் கொட்டாங்கச்சியையும் என் கையில் கொடுத்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம. சாயந்திரம் பிள்ளைக்குச் சுத்திப் போடணும். அவ காலடி மண்ணு கொஞ்சம் எடுத்துட்டு வா. நான் போனா அவளுக்குத் தெரிஞ்சிரும். நீன்னா பூ பறிக்க வந்தன்னு நெனப்பா."

கண் போட்டவளின் காலடி மண்ணை மிளகாய், உப்போடு சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டால் கண் கழியும் என்பது இங்கே உள்ள வழக்கம். போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. மல்லிச் செடிக்கு முன்னால் ஈர மண்ணில் அவள் கால்தடம் தெளிவாக இருந்தது. குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். மிஷின் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

"செடிக்கு மண்ணு அணைக்கியா வடிவு?"

பின்னால் நின்றிருந்தாள். கழுத்தில் இஞ்சு டேப். நான் காகிதத்தை மறைக்கப் பார்த்தேன். அதைப் பார்த்தவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அது நேத்து நின்ன இடம். ஆறிப்போயிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வந்து, வலது காலை மண்ணில் நன்றாக ஊன்றி எடுத்தாள். "இத அள்ளிக்கோ."

"அக்கா..."

"அள்ளு. வெறுங்கையோட போனா உன் மாமியா ஏசுவாவ."

நான் அள்ளியதில் பாதி கீழே சிந்தியது. அவளே குனிந்து அள்ளிக் காகிதத்தில் போட்டாள். போட்டுக்கொண்டே, தைக்கக் கொடுத்த துணிக்கு அளவு சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"பூ எதுக்குன்னு எனக்கு மொத நாளே தெரியும். சாமிக்கு யாரு மடி நெறைய கேப்பா? எனக்கும் எங்கம்மா இப்படித்தான் வச்சிக் கட்டுனா. பதினோரு வருசம் ஆச்சு. நாங்க கோயில்பட்டியில இருக்கும்போது. ஆம்பளப்பிள்ள. ஒம்பது நாள் இருந்துச்சு. பிள்ள போயிட்டு, பாலு போவல."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

"நீ கேட்ட. என்ன கஷ்டமோன்னு குடுத்தேன்."

"இப்பமாவது சொல்லிருக்கலாமேக்கா? என்னாலதான்னு?"

"நான் சொல்லணுமா?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். மிஷின் சத்தம் கேட்கவில்லை.

மண்ணோடு வந்தேன். சாயந்திரம் அத்தை இரும்புச் சட்டியில் கரியைக் கங்காக்கி முற்றத்தில் வைத்தார். வீட்டுக்காரர் ஆதிரையை மடியில் வைத்துக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். அத்தை மிளகாய், உப்பு, கடுகு எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு, "மண்ணக் கொண்டா" என்றார்.

"இது வேண்டாம் அத்த. அவங்க கண்ணு இல்ல. நான்தான் பால நிறுத்துனேன்."

அத்தை ஏதோ பூனை குறுக்கே போனதுபோலப் பார்த்தார். "என்னது?"

"மல்லிகப்பூவ வச்சிக் கட்டி நானேதான் வத்த வச்சேன்."

அத்தை சிரித்துவிட்டார். "பூவாது, பால வத்த வைக்கவாது! பாத்தியாடே, உம் பெண்டாட்டிய? அடுத்தவளக் காப்பாத்த என்ன பேச்சு பேசுதா பாரு. இந்த எளகுன மனசாலதாம்ளா உன்மேல சட்டுனு கண்ணு படுது."

"வடிவு அப்படித்தாம்மா" என்றார் அவர். என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நான் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, என் கடமை முடிந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன்.

உள்ளே போனேன். டிரங்குப் பெட்டிக்குள் சுருட்டிவைத்திருந்த வேட்டித் துணிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்துப் போட்டேன். ஆறு பட்டை. ஒவ்வொன்றிலும் பழுப்புக் கறையாகப் பூவின் அச்சு, வரிசைவரிசையாக. வாடிய மல்லிகை வாசமும் புளித்த பால் வாடையும் எழுந்து வந்தன. பக்கத்தில் ஆய்வேட்டைத் திறந்துவைத்தேன். அவர் அந்தப் பக்கத்தை வாசித்தார். அத்தைக்கு வாசிக்கத் தேவைப்படவில்லை. ஒரு பட்டையை எடுத்து முகர்ந்தார். அப்படியே கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

"சுறாமீனு வாங்கப் போனேனே" என்றார். 

பிறகு என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, மண்ணை முற்றத்து மூலையில் தட்டினார். என் முன்னால் வந்து குனிந்தார். நான் நின்ற இடத்திலிருந்து, என் பெருவிரலை ஒட்டி, நகத்தால் மண்ணைச் சுரண்டி எடுத்தார். மிளகாயோடு சேர்த்துப் பிள்ளையை மூன்றுமுறை சுற்றிக் கங்கில் போட்டார்.

நெடி வரவில்லை. நெடி வரவில்லை என்றால் கண் பட்டது நிஜம் என்பார்கள். மண் அதிகமாகிக் கங்கு அணைந்துவிட்டது, அதனால்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மே 20, திங்கள்

காலையில் அத்தை என்னிடம் மூன்று வாக்கியம் பேசினார். "வேலைக்குத்தான போணும்? போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்." கேட்டது கிடைத்துவிட்டது.

வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "என்னட்ட சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

"சொல்லிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அம்மாட்ட கேப்போம்னு சொல்லிருப்பேன்" என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாது.

சாயந்திரம் அத்தை வேலியிலிருந்த மஞ்சள் சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார். "அவட்ட நீயே போயிப் பேசு. எனக்குப் போவ மூஞ்சி இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர்க் குழாயில் மேல வீட்டுக்காரியிடம், "எம் மருமவளுக்கு ஒடம்பு சரியில்லாம பாலு நின்னுபோச்சு, கண்ணும் இல்ல மண்ணும் இல்ல" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 22, புதன்

பத்து மணிக்கு ஆதிரையைத் தூக்கிக்கொண்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்திராணி அக்கா ஊசியால் பித்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன்.

"வீட்டுல சொல்லிட்டேன்க்கா."

"கேள்விப்பட்டேன்."

"வேலைக்குப் போவணும்னுதான் அப்படிச் செஞ்சேன்."

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வேலைக்காவா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்த நோட்டிலேயே இரண்டுமுறை எழுதியிருக்கிறேன்!

"இல்ல" என்றேன். "அவ அழுத உடனே எனக்குப் பால் ஊறிரும்க்கா. நான் எந்திரிக்கணுமா, தூக்கணுமான்னு நெனைக்கிறதுக்கு முன்னாலயே, ஜாக்கெட் நனஞ்சிரும். வேற யாரு பிள்ள அழுதாலும் நனையும். என்னை யாருமே கேக்கல, என் ஒடம்புகூடக் கேக்கல. நான்னு ஒருத்தி வீட்டுல இருக்கனான்னே தெரியல. அதப் பொறுக்க முடியல. அவ மேலயே வெறுப்பா வந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேலைன்னா சொல்லிக்கிடலாம்ல?"

 பால் ஊறியும் குடிக்க ஆளில்லாமல் இருந்தவளிடம் போய் இதைச் சொன்னேன். எந்திரி, போ என்பாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு உன்மேல கோவந்தான்" என்றாள் கடைசியில். "பாவாடை சட்டை கொண்டாந்தன்னைக்கு உள்ள பிள்ள சிரிக்கி, நீ 'தூங்குதா'ன்னு சொல்லுத. அது இன்னும் வயித்துக்குள்ள கெடக்கு. இப்ப போவாது. என்னைக்குப் போவும்னும் தெரியாது."

"சரிக்கா."

"பிள்ளயக் கொண்டா."

கொடுத்தேன். ஆதிரை அவள் கழுத்து டேப்பைப் பிடித்து வாயில் வைத்தாள். அக்கா சிரிக்கவில்லை. டேப்பைப் பிடுங்கவும் இல்லை.

"ஒருமணி நேரம் எங்கயாவது போயிட்டு வா" என்றாள். "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காராத."

போக எனக்கு இடமில்லை. தெருப்படியில் உட்கார்ந்தேன். ஐஸ்காரன் போனான். எதிர்வீட்டுக் கோழி சாக்கடையைக் கிளறிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் இருக்கும், உள்ளே ஆதிரை அழும் சத்தம் கேட்டது. அக்கா ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். அழுகை கூடியது. பழக்கத்தில் மார்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எதுவும் ஊறவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

நானாகத்தான் எழுந்து உள்ளே போனேன்.